பட்டிக்கு வராத ஆடு: மெயில் சர்வர்களை எண்ணிய கதை

காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கம் சாயங்கால நேரத்துல போயிருக்கீங்களா? ஆட்டைப் பட்டியில அடைக்கறப்ப படலை முழுசாத் தொறக்க மாட்டாங்க. ஒரு ஆடு நுழையற அளவுக்குத் தொறந்து வெச்சு, ஒண்ணொண்ணா உள்ள விட்டு, வாய்க்குள்ளயே எண்ணிக்கிட்டு நிப்பாங்க. கணக்கு சரியா வந்தாத்தான் படலைச் சாத்துவாங்க. ஒண்ணு குறைஞ்சாலும் டார்ச் லைட்டைத் தூக்கிக்கிட்டு வேலியோரமாத் தேடப் போயிருவாங்க.

ஆடு குறைஞ்சாத் தெரிஞ்சுரும். கணக்குலயே இல்லாத ஆடு ஒண்ணு கூட்டத்துல இருந்தா? அது பக்கத்துக் காட்டுல மேஞ்சு வெச்சா, பழி யாரு தலையில விழும்?

இந்தப் பதிவு அதைப் பத்தித்தான். ஆடு இல்லீங்க, மெயில் சர்வர். நெட்வொர்க்குல எத்தனை மெயில் சர்வர் இருக்கு, எங்க இருக்கு, எந்த வெர்ஷன் ஓடுதுன்னு எண்ணிப் பாக்கற வேலைக்கு ஒரு வரலாறு இருக்கு. அதுல ஒரு சின்ன ஓரத்துல திருப்பூரும் இருக்கு, நானும் இருக்கேன் :-) டெக்னிகல் மேட்டர்னு பயந்து ஓடிராதீங்க மக்கா, முடிஞ்ச வரைக்கும் நம்ம பாஷையிலயே சொல்றேன்.

*

2004-ல நான் காந்திபுரத்துல ஒரு கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையில வேலை பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு நாள் காலையில ஓனர் கூப்பிட்டு, "தம்பி, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனில மெயில் போக மாட்டேங்குதாம். பெரிய பார்ட்டி. போய்ப் பாத்துட்டு வந்துருங்க"ன்னார். பஸ் ஏறி அவினாசி வழியா போய் இறங்கினேன்.

போனா கம்பெனியே எழவு வீடு மாதிரி இருந்துச்சு. ஜெர்மன் பையருக்கு அனுப்பற மெயில் எல்லாம் திரும்பி வருது. கலர் அப்ரூவலுக்கு அனுப்பின மெயில் போகலை. அப்ரூவல் வராம துணியை டையிங்குக்கு அனுப்ப முடியாது. டையிங் ஆகாம கட்டிங் இல்லை, கட்டிங் இல்லாம டெய்லருங்களுக்கு வேலை இல்லை. ஷிப்மென்ட் தேதி மட்டும் யாருக்காகவும் நிக்காது. தேதி தவறினா ஏர்ல அனுப்பணும். ஏர்ல அனுப்பினா அந்த ஆர்டர்ல லாபம்னு ஒண்ணு இருக்காது.

திரும்பி வந்த மெயிலைப் பாத்தேன். 'உங்க ஐ.பி. முகவரியில இருந்து குப்பை மெயில் வருது, உங்களைக் கறுப்புப் பட்டியல்ல போட்டிருக்கு'ன்னு இருந்துச்சு. இங்கதான் மேட்டர் ஒரு மாதிரி ஆச்சு. மொதலாளி அதை வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டார். சிஸ்டம் பாத்துக்கிட்டு இருந்த பையன் ராத்திரி உக்காந்து கண்ட கண்ட மெயில் அனுப்பறான்னு முடிவே பண்ணிட்டார். பையன் டிப்ளமோ முடிச்சுட்டு அங்க சேர்ந்து ஒன்றரை வருஷந்தான் ஆகுது. பல்லடம் பக்கத்துல ஒரு கிராமம், அப்பா விசைத்தறி ஓட்டறவர். மூஞ்சியில ரத்தமே இல்லை.

"அண்ணா, நான் ஒண்ணும் பண்ணலீங்ணா. நம்மகிட்ட இருக்கறது ஒரே ஒரு மெயில் சர்வருங்ணா. அதுல எல்லாம் சரியா இருக்குதுங்ணா"ன்னான்.

அவன் சொன்னதுல பாதி உண்மை. எது உண்மை, எது இல்லைன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் கொசுவர்த்தி சுத்திக்கலாம்.

*

இன்டர்நெட் அர்ப்பாநெட்டா இருந்த காலத்துல, எந்தெந்தக் கம்ப்யூட்டர் நெட்வொர்க்குல இருக்குங்கற கணக்கு ஒரே ஒரு ஃபைல்ல இருந்துச்சு. ஹோஸ்ட்ஸ் டெக்ஸ்ட்னு பேரு. கலிஃபோர்னியாவுல எஸ்.ஆர்.ஐ. நிறுவனத்துல எலிசபெத் ஃபைன்லர்னு ஒரு அம்மா தலைமையில இயங்கின தகவல் மையம் அதைப் பராமரிச்சுது. புதுசா ஒரு மெஷினை இணைச்சா அவங்களுக்குச் சொல்லணும், அவங்க ஃபைல்ல ஏத்துவாங்க, மத்தவங்க எல்லாம் அதைக் காப்பி பண்ணிக்குவாங்க. நம்மூர் மணியக்காரர் நோட்டு மாதிரின்னு வெச்சுக்குங்க. அதுல பேர் இருந்தா நீங்க ஊர்ல இருக்கீங்க.

1983 ஜனவரி 1-ம் தேதி அந்த நெட்வொர்க் முழுசும் பழைய என்.சி.பி. முறையில இருந்து டி.சி.பி. ஐ.பி. முறைக்கு மாறணும்னு கெடு வெச்சாங்க. இன்னைக்கு நாம பயன்படுத்தறது அந்த டி.சி.பி. ஐ.பி.தான். கெடு நெருங்குது, எத்தனை மெஷின் தயாரா இருக்குன்னு யாருக்காச்சும் தெரியுமா? போன் போட்டுக் கேட்டா எல்லாரும் 'ரெடி ரெடி'ன்னுதான் சொல்லுவாங்க. நம்ம டெய்லர் தீபாவளிக்கு முந்தின நாள் சொல்ற மாதிரி :-)

டேவிட் ஸ்மால்பெர்க்னு ஒருத்தர் யாரையும் கேக்காம மெஷினையே கேட்டுட்டார். ஹோஸ்ட் பட்டியலை எடுத்து, 1982 டிசம்பர் 7-ம் தேதி அதுல இருந்த ஒவ்வொரு மெஷினோட கதவையும் தட்டினார். டெல்நெட் பேசறியா? ஃபைல் அனுப்பற எஃப்.டி.பி. பேசறியா? மெயில் வாங்கிக்குவியா? இந்த மூணு கேள்விதான். வந்த பதிலை ஆர்.எஃப்.சி. 832-ன்னு வெளியிட்டார். தலைப்பு, 'டி.சி.பி. பேசறது யாரு?' அதோட விடலை. 1983 பிப்ரவரி வரைக்கும் திரும்பத் திரும்ப எண்ணி, ஒவ்வொரு தடவையும் ஒரு ஆர்.எஃப்.சி. போட்டார்.

மெயில் வாங்கற எஸ்.எம்.டி.பி. முறையை ஜான் போஸ்டல் ஆர்.எஃப்.சி. 821-ல எழுதினதே 1982 ஆகஸ்ட்லதான். நாலு மாசத்துல அதை எண்ணக் கிளம்பிட்டாங்க. இன்னைக்கு நாம மெயில் சர்வர் ஸ்கேன்னு எதைச் சொல்றோமோ, அதுக்கு மூத்த அண்ணன் இந்தக் கணக்குதான்னு நான் நினைக்கறேன்.

அதுல ஒரு ஓட்டை இருந்துச்சு, அதைக் கவனிச்சுக்குங்க. அவர் தட்டினது பட்டியல்ல இருந்த கதவுகளை மட்டும். பட்டியல்ல இல்லாத மெஷினுக்குக் கேள்வியே போகாது. 22 வருஷம் கழிச்சுத் திருப்பூர்ல எங்களை அலைய விட்டது இதே ஓட்டைதான்.

*

அடுத்த ஆறு வருஷத்துல ரெண்டு விஷயம் நடந்துச்சு. 1983 டிசம்பர்ல மைக் மூஸ்ங்கறவர் 'பிங்' எழுதினார். நீர்மூழ்கிக் கப்பல்ல சோனார் சத்தம் அனுப்பி எதிரொலியைக் கேப்பாங்க இல்லையா, அதே மாதிரி ஒரு பொட்டலம் அனுப்பி, பதில் வந்தா ஆள் உயிரோட இருக்குன்னு அர்த்தம். இன்னைக்கும் ஸ்கேன் மென்பொருள் முக்காவாசி முதல்ல பண்றது இதைத்தான்.

ரெண்டாவது, 1988 நவம்பர் 2. கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ் எழுதின புழு ஒண்ணு அமெரிக்கா முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் படுக்க வெச்சுது. அது உள்ள நுழைஞ்ச வழிகள்ல ஒண்ணு சென்ட்மெயில். அன்னைக்குப் பெரும்பாலான யுனிக்ஸ் மெஷின்கள்ல மெயில் கொண்டு போய்ச் சேர்த்தது எரிக் ஆல்மன் எழுதின இந்த சென்ட்மெயில்தான். அதுல சோதனைக்குன்னு வெச்சிருந்த டீபக் வசதியை மூடாமலே விட்டிருந்தாங்க. யார் மூடினாங்க, யார் மூடலைன்னு கணக்கு எங்கயும் இல்லை. புழுதான் அந்தக் கணக்கை எடுத்துக் காட்டுச்சு. அந்த மாசமே கார்னகி மெலன் பல்கலைக்கழகத்துல முதல் செர்ட் மையம் ஆரம்பிச்சாங்க. நம்ம நாட்டு செர்ட்-இன் 2004 ஜனவரியில வந்துச்சு.

நாம எண்ணாத வரைக்கும் வேற யாரோ நமக்காக எண்ணுவாங்க. அவங்க நல்லவங்களா இருக்கணும்னு கட்டாயம் இல்லை.

இதை முகத்துக்கு நேரா சொன்னவங்க டான் ஃபார்மரும் வீட்ஸ வெனமாவும். 1995 ஏப்ரல் 5-ம் தேதி 'சாத்தான்'னு ஒரு ஸ்கேன் மென்பொருளை இலவசமா வெளியிட்டாங்க. நெட்வொர்க்கைச் சுத்தி வந்து, மெயில் சர்வர்ல இந்த ஓட்டை, ஃபைல் சர்வர்ல அந்த ஓட்டைன்னு பட்டியல் போட்டுத் தரும். திருடன் கையில சாவியைக் குடுத்துட்டாங்கன்னு பெரிய கூப்பாடு. பேரு பிடிக்காதவங்களுக்காக 'சான்டா'ன்னு மாத்திக்கற வசதியையும் உள்ளயே வெச்சிருந்தாங்க. செம நக்கல். அதே வெனமாதான் பின்னாடி போஸ்ட்ஃபிக்ஸ் மெயில் சர்வரை எழுதி 1998-ல வெளியிட்டார். ஓட்டையைக் காட்டினதோட நிக்காம, ஓட்டை குறைவான வீட்டையும் கட்டிக் காட்டினவர்.

*

சரி, நம்மூருக்கு வருவோம். இந்தியாவுல மெயில் முதல்ல ஓடினது எர்நெட்ல. 1986-ல ஆரம்பிச்ச திட்டம். கூட்டாளியா இருந்த எட்டு நிறுவனங்கள்ல சென்னை ஐ.ஐ.டி.யும் ஒண்ணு. பொதுமக்களுக்கு இன்டர்நெட் குடுத்தது வி.எஸ்.என்.எல்., 1995 ஆகஸ்ட் 15. சென்னை, மும்பை, டெல்லி, கல்கத்தான்னு பெரிய ஊர்கள்ல தொடங்குச்சு. கறுப்புத் திரையில எழுத்து மட்டும் ஓடற ஷெல் அக்கவுன்ட், மோடம் கத்தற சத்தம்... அனுபவிச்சவங்க இப்ப லேசா சிரிப்பீங்க. 1998 நவம்பர்ல தனியார் கம்பெனிகளும் இன்டர்நெட் குடுக்கலாம்னு கொள்கை வந்த பிறகுதான் வேகம் பிடிச்சுது.

மெயில் வேணும்னு கொங்கு நாட்டுல தவிச்சது திருப்பூர். 1970-கள் கடைசியிலயே இத்தாலிக்கு பனியன் அனுப்ப ஆரம்பிச்ச ஊரு. 1990-ல ஏற்றுமதியாளர் சங்கம் வந்தாச்சு. டெலக்ஸ், அப்புறம் ஃபேக்ஸ். ஒரு டிசைனை ஃபேக்ஸ்ல அனுப்பினா கோடு கோடா வரும், கலர் என்னன்னு போன்ல சொல்லணும். ஐ.எஸ்.டி. பில்லைப் பாத்தா மயக்கம் வரும். அப்பேர்ப்பட்ட ஊருக்கு மெயில் கிடைச்சா விடுவாங்களா? லீஸ்டு லைன் எடுத்து, ஒரு மூலையில ரெட் ஹேட் லினக்ஸ் போட்ட பெட்டியை வெச்சு, சொந்த மெயில் சர்வர் ஓட்டினாங்க. யார் வெச்சுக் குடுத்தது? பி.எஸ்.ஜி., சி.ஐ.டி., ஜி.சி.டி., பாலிடெக்னிக்னு படிச்சு வந்த பசங்க. வெச்சுக் குடுத்துட்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் போயிட்டாங்க. பெட்டி மட்டும் இங்கயே இருந்துச்சு.

நெட்வொர்க்கை எண்ணற மென்பொருள்ல உலகத்துல பேர் வாங்கின ஒரு கம்பெனியும் தமிழ்நாட்டுலதான் வளந்துச்சு. 1996-ல அட்வென்ட்நெட்னு ஆரம்பிச்சு, 2009-ல ஜோஹோன்னு பேரு மாத்தினவங்க. அவங்களோட முதல் சரக்கே எஸ்.என்.எம்.பி. மென்பொருள். நெட்வொர்க்குல இருக்கற ரூட்டர், சுவிட்ச், சர்வரை எல்லாம் 'நீ யாரு, எப்படி இருக்கே'ன்னு விசாரிக்கற முறை அது. 2002-ல வந்த மேனேஜ்எஞ்சின் அந்த வேர்ல முளைச்சதுதான். அமெரிக்காவுல ஒரு ஆபீஸ்ல சர்வர் கணக்கு எடுக்கற மென்பொருளைச் சென்னையில உக்காந்து எழுதினாங்க. நாங்க திருப்பூர்ல பேப்பர் நோட்டுல கணக்கு வெச்சிருந்தோம்.

*

நோட்டுன்னதும் ஞாபகம் வருது. அந்தக் கம்பெனியில நீள நோட்டு ஒண்ணு இருந்துச்சு. 'மெயில் சர்வர் - 1' னு எழுதி, ஐ.பி. முகவரியும் போட்டிருந்தான் பையன். அந்தச் சர்வரைப் பாத்தேன். சுத்தமா இருந்துச்சு. வெளியாள் யாரும் அது வழியா மெயில் அனுப்ப முடியாது. லாக்ல கம்பெனி மெயில் மட்டுந்தான்.

அப்ப குப்பை எங்க இருந்து போகுது? யோசிச்சா, உள்ள இருக்கற எல்லா மெஷினும் வெளிய போறப்ப ஒரே ஐ.பி. முகவரியிலதான் போகும். வீட்டுக்குள்ள பத்துப் பேர் இருந்தாலும் தெருவுக்கு ஒரே வாசல். வெளிய இருந்து பாக்கறவனுக்கு யார் குப்பை கொட்டினாங்கன்னு தெரியாது, எந்த வீட்டுல இருந்து வந்துச்சுன்னு மட்டும் தெரியும். அதனால வேற ஏதோ மெஷின். எண்ணிப் பாத்தே ஆகணும்.

கையில என்மேப் இருந்துச்சு. 1997 செப்டம்பர்ல ஃபியோடர்ங்கற புனைபேர்ல கார்டன் லயன் வெளியிட்டது. எந்தக் கம்ப்யூட்டர்ல எந்தக் கதவு தொறந்திருக்குன்னு தட்டிப் பாக்கும். மெயில் கதவு 25. அங்கிருந்த ஒரு விண்டோஸ் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர்ல போட்டு, உள் நெட்வொர்க்கோட 254 முகவரியையும் தட்டச் சொன்னேன்.

ரிசல்ட் வந்துச்சு. 254-லயும் மெயில் சர்வர் இருக்காம்!

ஆளே இல்லாத முகவரியில எல்லாம் மெயில் சர்வர். பேய் வீடா இதுன்னு ஆகிப்போச்சு. பையன் என்னைப் பாக்கறான், நான் அவனைப் பாக்கறேன். பத்து நிமிஷம் கழிச்சுத்தான் உறைச்சுது. அந்த எக்ஸ்.பி. மெஷின்ல ஒரு ஆன்ட்டிவைரஸ். போற மெயில்ல வைரஸ் இருக்கான்னு பாக்கறதுக்காக, 25-ம் கதவுக்குப் போற எல்லாத்தையும் அதுவே நடுவுல புடிச்சு 'வாங்க வாங்க'ன்னு பதில் சொல்லிருது. நான் தட்டினது என் வீட்டுக் கதவையே 254 தடவை. இன்னைக்கும் இது நடக்குது மக்கா. ஸ்கேன்ல எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்கு வந்தா, முதல்ல ஸ்கேன் பண்ற மெஷினைச் சந்தேகப்படுங்க.

பையில நாப்பிக்ஸ் சி.டி. இருந்துச்சு. ஹார்ட் டிஸ்க்கைத் தொடாம சி.டி.யிலயே லினக்ஸ் ஓடும். அதுல பூட் பண்ணி மறுபடியும் தட்டினேன். இந்தத் தடவை ஒண்ணே ஒண்ணு. நோட்டுல இருந்த அதே சர்வர். பையனுக்கு இன்னும் வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா வேற சர்வரே இல்லைன்னா, பழி அவன் மேலதான்.

இங்க ரெண்டாவது கோளாறு. என்மேப் முதல்ல பிங் அனுப்பும். பதில் வந்தாத்தான் கதவைத் தட்டும். பிங்குக்குப் பதில் சொல்லாதேன்னு ஃபயர்வால் போட்ட மெஷின் இருந்தா, 'செத்துருச்சு'ன்னு கணக்குல இருந்து எடுத்துரும். பிங் வேண்டாம், எல்லாக் கதவையும் நேராத் தட்டுன்னு சொல்லி மறுபடி ஓட்டினேன். ரொம்ப நேரம் எடுத்துச்சு. டீ சாப்பிட்டு வந்து பாத்தா, ரெண்டு.

ரெண்டாவது முகவரி நோட்டுல எங்கயும் இல்லை. அந்தக் கதவுல காதை வெச்சுக் கேட்டேன். மெயில் சர்வர்கள் நம்ம கிராமத்து ஆளுங்க மாதிரி, கதவைத் தட்டினதுமே ஊரு பேரு எல்லாம் சொல்லிரும். இதுவும் தன் பேரையும் சென்ட்மெயில் வெர்ஷனையும் ஒளிவுமறைவில்லாம சொல்லுச்சு. இப்படிச் சொல்றதை வெச்சுத்தான் டேனியல் பெர்ன்ஸ்டைன் மாதிரி ஆளுங்க அந்தக் காலத்துல உலகம் முழுக்க எந்த மெயில் சர்வர் எத்தனைன்னு கணக்கெடுத்தாங்க. 1996 வாக்குல வெளிய தெரிஞ்ச மெயில் சர்வர்கள்ல ஏறக்குறைய 80 சதவீதம் சென்ட்மெயில். இந்தப் பேச்சை எல்லாம் மறைக்கறவங்களும் உண்டு. சிஸ்கோவோட பழைய பிக்ஸ் ஃபயர்வால், மெயில் சர்வரோட முதல் வரியை நட்சத்திரக் குறிகளா மாத்தி அனுப்பும். ஸ்கேன்ல வெறும் நட்சத்திரமா வந்தா நடுவுல அந்த ஆள் நிக்கறார்னு புரிஞ்சுக்கணும்.

முகவரி தெரிஞ்சுது, பெட்டி எங்க? அங்கிருந்த சுவிட்ச் எல்லாம் சாதா சுவிட்ச், எந்த ஓட்டையில எது இருக்குன்னு சொல்லாது. மத்தியானம் சாப்பாட்டு நேரம் வரைக்கும் காத்திருந்து, தொடர்ந்து அந்தக் கதவைத் தட்டிக்கிட்டே, கேபிளை ஒவ்வொண்ணாப் புடுங்கச் சொன்னேன். பதினாலாவதோ பதினஞ்சாவதோ, பதில் நின்னுச்சு. அந்தக் கேபிளைப் புடிச்சுக்கிட்டே ரெண்டு பேரும் நடந்தோம். சாம்ப்ளிங் ரூம். நூல் கோன் அடுக்கின அட்டைப் பெட்டிகளுக்குப் பின்னால, பஞ்சுத் தூசி மெத்தை மாதிரி படிஞ்சு, மானிட்டர் இல்லாம ஒரு பெட்டி ஓடிக்கிட்டு இருந்துச்சு.

அங்க இருந்த பேட்டர்ன் மாஸ்டர், "அதைத் தொட்ராதீங்க தம்பி. பழைய பேட்டர்ன் ஃபைல் எல்லாம் அதுலதானுங்க இருக்குது"ன்னார். அதனாலதான் நாலு வருஷமா யாரும் அணைக்கலை.

*

அந்தப் பெட்டிதான் கம்பெனியோட முதல் மெயில் சர்வர். 2000-ல வெச்சது. வெச்ச பையன் எப்பவோ போயிட்டான். புது சர்வர் வந்த பிறகு இதை மறந்துட்டாங்க. லீஸ்டு லைனோட வந்த ஐ.பி. முகவரிகள்ல ஒண்ணு இன்னும் இதுக்கே திருப்பி விட்டிருந்துச்சு. உள்ள வர்ற வழி தனி, வெளிய போற வழி எல்லாருக்கும் பொது.

சென்ட்மெயில் 8.9-ல இருந்து (1998) வெளியாள் மெயிலைக் கடத்தி விடற வசதியை இயல்பாவே மூடித்தான் குடுத்தாங்க. இந்தப் பெட்டியில யாரோ அதை வேணும்னே தொறந்து விட்டிருந்தாங்க. கான்ஃபிகரேஷன் ஃபைலைத் தொறந்து பாத்தா, அந்தப் பழைய பையன் நல்லவன், ஒரு குறிப்பு எழுதி வெச்சிருந்தான். மொதலாளி ஜெர்மனி போயிருக்கார், ஹோட்டல்ல இருந்து மெயில் அனுப்ப முடியலைங்கறார், அவர் வர்ற வரைக்கும் இதைத் தொறந்து வைக்கறேன்னு. தேதியோட.

வர்ற வரைக்கும்னு தொறந்த கதவு நாலு வருஷமாத் தொறந்தே கிடந்துச்சு. குப்பை மெயில் அனுப்பறவன் உலகம் பூரா ஸ்கேன் பண்ணி அதைக் கண்டுபுடிச்சுட்டான். கம்பெனிக்குத் தெரியாத சர்வர், எங்கயோ உக்காந்திருக்கற எவனுக்கோ தெரிஞ்சிருந்துச்சு. அவன் நோட்டுல இருந்துச்சு, நம்ம நோட்டுல இல்லை.

மொதலாளிகிட்டக் காட்டினேன். குறிப்பை ரெண்டு தடவை படிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "ஆமாங்க தம்பி, நாந்தான் ராத்திரி போன் பண்ணிச் சத்தம் போட்டேன்"ன்னார். பையன் பக்கம் திரும்பி, "ஏங்கண்ணு, சாப்டியா நீயி?"ன்னார். எங்க பக்கம் மன்னிப்புக் கேக்கறது இப்படித்தாங்க. சாரின்னு சொல்ல மாட்டாங்க, சாப்ட்டியான்னு கேப்பாங்க.

பேட்டர்ன் ஃபைலைக் காப்பி எடுத்துட்டு பெட்டியை அணைச்சோம். பட்டியல்ல இருந்து பேரை எடுக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டு, அது நடக்க ரெண்டு நாள் ஆச்சு. அது வரைக்கும் மெர்ச்சண்டைசர் ஒரு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து இலவச மெயில் ஐ.டி.ல இருந்து பையருக்கு அனுப்பினார். ஷிப்மென்ட் தப்பிச்சுது. பையன் வேலையும்.

*

'2004 கதையை இன்னைக்கு எதுக்குடா சொல்றே'ன்னு கேப்பீங்க. எல்லாரும் கூகுள், மைக்ரோசாஃப்ட், ஜோஹோன்னு மெயிலை மேகத்துல ஏத்தியாச்சேன்னு. ஏத்தினதுக்கு அப்புறமும் பழைய பெட்டியை அணைக்கணும் இல்லையா? அதைத்தான் மறந்துடறாங்க.

2021 மார்ச் 2-ம் தேதி மைக்ரோசாஃப்ட் தன்னோட எக்ஸ்சேஞ்ச் மெயில் சர்வருக்கு அவசர அப்டேட் விட்டுச்சு. 'ப்ராக்ஸிலாகன்'னு பேர் வாங்கின ஓட்டை. பாஸ்வேர்டே இல்லாம உள்ள நுழையலாம். உலகம் முழுக்கப் பல்லாயிரம் சர்வர்கள் மாட்டுச்சு. அப்ப ஒவ்வொரு ஆபீஸ்லயும் கேட்ட முதல் கேள்வி, 'நம்மகிட்ட எக்ஸ்சேஞ்ச் எத்தனை இருக்கு, எந்த வெர்ஷன்?' நிறையப் பேர்கிட்டப் பதில் இல்லை. கதவைத் தட்டறவங்களோட வேகமும் மாறிப்போச்சு. மிச்சிகன் பல்கலைக்கழகத்துல 2013-ல எழுதின ஜீமேப், நல்ல லைன் இருந்தா ஒரு கதவை உலகம் முழுக்க 45 நிமிஷத்துக்குள்ள தட்டி முடிச்சுரும். ஸ்மால்பெர்க் வாராவாரம் உக்காந்து எண்ணினதை நினைச்சுப் பாருங்க.

எண்ணறப்ப ஏமாத்தற இடங்களும் மாறியிருக்கு. நான் அடிபட்டுக் கத்துக்கிட்டதைச் சொல்றேன்.

விண்டோஸ் சர்வரை ஸ்கேன் மென்பொருள் விசாரிக்கறது டபிள்யூ.எம்.ஐ. வழியா. 135-ம் கதவுல பேச்சை ஆரம்பிச்சு, அப்புறம் 49152-க்கு மேல ஏதோ ஒரு கதவுக்கு மாறிக்கும். ஃபயர்வால்ல 135-ஐ மட்டும் தொறந்து வெச்சுட்டு, 'ஆர்.பி.சி. சர்வர் கிடைக்கலை'ன்னு வந்தா மண்டையைப் பிச்சுக்குவாங்க. 'அனுமதி இல்லை'ன்னு வந்தா அது வேற கதை, அக்கவுன்ட்டைப் பாக்கணும். ஒண்ணு வழி அடைப்பு, இன்னொண்ணு சாவி தப்பு. ரெண்டையும் குழப்பிக்கிட்டு டொமைன் அட்மின் பாஸ்வேர்டையே ஸ்கேனருக்குக் குடுத்துராதீங்க. ஸ்கேனர் ஒருத்தன் கையில மாட்டினா ஊரே போச்சு. எக்ஸ்சேஞ்சுக்குப் பாக்க மட்டும் உரிமை உள்ள குழு தனியா இருக்கு, அது போதும்.

எக்ஸ்சேஞ்ச் வெர்ஷன் இன்னொரு பொறி. சர்வர் தன்னைப் பத்திச் சொல்ற வெர்ஷன் நம்பர்ல பெரிய அப்டேட் மட்டுந்தான் தெரியும். அதுக்கு மேல போட்ட பாதுகாப்பு அப்டேட் அதுல தெரியாது. எக்ஸ்செட்டப்ங்கற ஃபைலோட வெர்ஷனைப் பாத்தாத்தான் நிஜம். 2021-ல 'எங்க ரிப்போர்ட்ல சரியாத்தானே இருந்துச்சு'ன்னு புலம்பினவங்க உண்டு.

லினக்ஸ் பக்கம், எஸ்.என்.எம்.பி.யில 'பப்ளிக்'னு வர்ற பாஸ்வேர்டை அப்படியே விட்டிருந்தா, நம்ம ஸ்கேனருக்கு மட்டுமில்லை, வர்றவன் போறவனுக்கெல்லாம் அது பதில் சொல்லும். அப்புறம், மெயில் சர்வரைத் தட்டப் போறதுக்கு முன்னாடி அதைப் பாத்துக்கறவர்கிட்டச் சொல்லிருங்க. தட்டிட்டு ஒண்ணும் பேசாமத் திரும்பினா, 'வந்தாங்க, எட்டிப் பாத்தாங்க, ஒண்ணும் சொல்லாமப் போயிட்டாங்க'ங்கற மாதிரி சென்ட்மெயில் லாக்ல எழுதி வெச்சுக்கும். ராத்திரி முழுக்க அதைப் பாத்தா எந்த அட்மினுக்கும் தூக்கம் வராது. அடுத்தவங்க நெட்வொர்க்கை அனுமதி இல்லாமத் தட்டவே தட்டாதீங்க. 2000-ல வந்த தகவல் தொழில்நுட்பச் சட்டம் விளையாட்டு இல்லை.

கடைசியா ஒரு கணக்கு. எக்ஸ்சேஞ்ச் 2016, 2019 ரெண்டுக்கும் 2025 அக்டோபர் 14-ம் தேதியோட வழக்கமான ஆதரவு முடிஞ்சு போச்சு. செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28-ம் தேதி போட்ட உத்தரவுப்படி, சம்பவம் தெரிஞ்ச ஆறு மணி நேரத்துக்குள்ள சொல்லணும், 180 நாள் லாக் வெச்சிருக்கணும். இருக்கறதே தெரியாத சர்வரோட லாக்கை எங்க போய் வெச்சிருப்பீங்க?

நம்ம கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு கம்பெனிகள்ல நூல் கோன் எத்தனை, பட்டன் எத்தனை, அட்டைப் பெட்டி எத்தனைன்னு மாசக் கடைசியில ஸ்டாக் எடுக்காம விட மாட்டாங்க. ஸ்டாக் புக்குல ஒரு கோன் குறைஞ்சாலும் சத்தம் வரும். அதே நாள் நெட்வொர்க்கையும் ஒரு தடவை எண்ணிப் பாத்தா என்ன? கணக்கு தவறினாக் கம்பெனிக்கு நஷ்டங்கறது ரெண்டாவது. முதல்ல, யாரோ ஒரு விசைத்தறிக்காரரோட பையன் மூஞ்சியில ரத்தமே இல்லாம, செய்யாத தப்புக்குப் பதில் சொல்லிக்கிட்டு நிப்பான்.

அந்தப் பையன் இப்ப கோயமுத்தூர்ல சொந்தமா சர்வீஸ் கம்பெனி வெச்சிருக்கார். போன மாசம் பேசினப்பக் கேட்டேன், புது கஸ்டமர் கிடைச்சா முதல் வேலை என்ன பண்ணுவீங்கன்னு.

"எண்ணுவேனுங்ணா. அவங்க நோட்டைப் பாக்கறதுக்கு முன்னாடியே எண்ணிருவேன்"ன்னார்.

டிஸ்கி: உங்க ஆபீஸ்லயும் அட்டைப் பெட்டிக்குப் பின்னால ஏதாச்சும் முனகிக்கிட்டு இருந்துச்சுன்னா, போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. பேட்டர்ன் மாஸ்டர்கிட்டக் கேட்டுட்டு அணைங்க :-)